தவறின் விலையும் பாடத்தின் கடினமும்: மாணவரின் துணிச்சல் எங்கே விளைகிறது?

ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பைச் சுற்றிப் பார்க்கிறார். பெரும்பாலான தலைகள் மேசையை நோக்கித் தாழ்கின்றன. அந்த அமைதியைக் கண்டு யாருக்கும் விடை தெரியவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் தாழ்ந்த தலைகளில் குறைந்தது மூன்று வகையினர் இருக்கிறார்கள்: விடை அறவே தெரியாதவர்கள், பாதி தெரிந்தவர்கள், முழுதும் தெரிந்தும் அது சரிதானா என்ற ஐயத்தில் இருப்பவர்கள். பின்னிரு வகையினரின் மனத்திலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது. சொன்ன விடை சரியாக இருந்தால் கிடைப்பது ஆசிரியரின் ஒரு தலையசைப்பு. தவறாக இருந்தால் கிடைப்பது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு, ஆசிரியரின் முகத்தில் ஒரு சுளிப்பு, இடைவேளையில் கேலி, சில வேளைகளில் ஆண்டு முழுதும் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டப்பெயர். வரவையும் செலவையும் இப்படி எதிரெதிரே வைத்துப் பார்க்கும் எவரும் வாயைத் திறக்கமாட்டார். அந்த மாணவரைக் கோழை என்று சொல்வதற்கில்லை. கணக்குத் தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாணவர்களிடம் துணிச்சலை வளர்ப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கணக்கைக் கண்டுகொள்வதில்லை. துணிச்சல் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்றோ, ஊக்கமூட்டும் சொற்பொழிவால் ஏற்றிவிடக்கூடிய உணர்ச்சி என்றோ எண்ணியே நாம் செயல்படுகிறோம். கல்வி உளவியலில் கடந்த அரை நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஒரு மாணவர் கடினமான பாடத்தின் முன் துணிவாரா, பின்வாங்குவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இரண்டு: அந்தப் பாடத்தின் கடினம், அதில் தவறினால் செலுத்த வேண்டிய விலை. இவ்விரண்டும் வேறுவேறானவை, ஒன்றை மாற்றாமலே மற்றொன்றை மாற்ற முடியும். பள்ளிகளும் வீடுகளும் செய்யும் பிழை என்னவென்றால், பிள்ளை தயங்குகிறது என்று கண்டவுடன் பாடத்தின் கடினத்தைக் குறைத்துவிடுகின்றன. தவறின் விலையையோ அப்படியே விட்டுவிடுகின்றன. விடையின் பாதியை நாமே சொல்லிவிடுகிறோம். ஆனால் மீதிப் பாதியில் தவறினால் சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று வகுத்தார். தாமே ஒன்றைச் செய்து முடித்த பட்டறிவு முதலாவது; தம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தல் இரண்டாவது; பிறர் சொல்லும் ஊக்கமொழி மூன்றாவது; நெஞ்சுப் படபடப்பு, வியர்வை போன்ற உடற்குறிகளை ஒருவர் எப்படிப் பொருள்கொள்கிறார் என்பது நான்காவது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஊக்கமொழியால் வரும் நம்பிக்கை, அடுத்து வரும் ஒரே தோல்வியில் கரைந்துவிடக் கூடியது. காலை வழிபாட்டுக் கூட்டத்து அறிவுரைகளும் சுவரில் ஒட்டிய பொன்மொழிகளும் இந்த மூன்றாம் ஊற்றையே நம்பியிருப்பவை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மலிவான வழி என்பதால் அதுவே மிகுதியாகக் கையாளப்படுகிறது.

இந்த நம்பிக்கை பொதுவானதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. ஆழமான நீரில் தயங்காமல் குதிக்கும் பிள்ளை பின்னக் கணக்கின் முன் உறைந்து நிற்கலாம். மேடையில் சளைக்காமல் பேசும் மாணவி ஆய்வுக்கூடத்தில் சுடரடுப்பைத் தொடத் தயங்கலாம். ஆகவே ‘தன்னம்பிக்கையை வளர்ப்போம்’ என்று பொதுப்படையாகத் தொடங்கும் முயற்சி எந்தப் பாடத்தையும் சென்று தொடுவதில்லை. பின்னத்தில் அச்சம் என்றால் பின்னத்தில்தான் வெற்றிகள் சேர வேண்டும்.

அந்த வெற்றிகளை எப்படி அடுக்குவது என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் 1924 இல் பதிவுசெய்த ஓர் ஆய்வில், பீட்டர் என்று அழைக்கப்பட்ட, மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் முயலைக் கண்டாலே நடுங்குபவனாக இருந்தான். அவன் விருப்பமான உணவை உண்ணும்போது கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவான மூலையில் வைத்தார்கள்; நாள்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார்கள்; முயலிடம் அஞ்சாத மற்றக் குழந்தைகளையும் உடன் விளையாட விட்டார்கள். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதிதான் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. இடையில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அங்கிருந்து வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் அவனை மிரட்டிவிட்டது. முயலைப் பற்றிய அச்சம் பழைய நிலைக்கே திரும்பியது. ஆய்வாளர் அதைப் பெரிதுபடுத்தாமல் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்கினார். விடுமுறைக்குப் பிறகோ, ஒரு கடுமையான தேர்வுக்குப் பிறகோ முன்பு துணிந்த மாணவர் மறுபடி பின்வாங்கினால், ‘போன மாதம் செய்தாயே, இப்போது என்ன?’ என்று கேட்பதில் பயனில்லை. இரண்டு படி இறங்கி அங்கிருந்து ஏறுவதே விரைவான வழி.

வகுப்பில் வாய்விட்டுப் பேச அஞ்சும் மாணவருக்கு இந்தப் படிகள் எப்படி இருக்கும்? முதலில் விடையைச் சிலேட்டில் எழுதி உயர்த்திக் காட்டுவது. பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. பிறகு நால்வர் குழுவில் சொல்வது. பிறகு குழுவின் கருத்தை, தம் கருத்தாக அல்லாமல், வகுப்பு முழுவதற்கும் அறிவிப்பது. அதன் பின்னரே தம் பெயரில் தம் கருத்தைச் சொல்வது. ஒவ்வொரு படியிலும் சொல்லப்படும் விடையின் கடினம் ஒன்றுதான்; மாறுவது, அது தவறானால் எத்தனை பேர் முன்னிலையில் தவறும் என்பது மட்டுமே.

சோம்பல் என்று பெயர் பெறும் அச்சம்

அச்சம் எப்போதும் அச்சத்தின் முகத்தோடு வருவதில்லை. வீட்டுப்பாடக் குறிப்பேட்டை ‘மறந்துவிடும்’ மாணவர், கணிதப் பாட வேளையில் மட்டும் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் மாணவர், தேர்வுக்கு முன் ‘நான் படிக்கவே இல்லை’ என்று உரக்கச் சொல்லிக்கொள்ளும் மாணவர் ஆகியோரைச் சோம்பேறிகள், பொறுப்பற்றவர்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம். மார்ட்டின் கோவிங்டனும் கரோல் ஓம்லிக்கும் 1979 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முயற்சியை இருபுறமும் கூருடைய வாளுக்கு ஒப்பிட்டார்கள். முயலாமல் தோற்றவரைப் பார்த்துப் ‘படித்திருந்தால் வந்திருக்கும்’ என்று உலகம் சொல்லும். முழுமூச்சாக முயன்று தோற்றவரிடம் அந்தச் சாக்கும் மிஞ்சாது. ‘இவருக்கு அறிவே இவ்வளவுதான்’ என்ற தீர்ப்பு மட்டுமே மிஞ்சும். ஆசிரியர் முயற்சியைக் கேட்கிறார்; மாணவருக்கோ முயற்சியே ஆபத்தாகத் தெரிகிறது. இந்த முரணை அறியாமல் ‘இன்னும் முயற்சி செய்’ என்று நெருக்குவது, ஒளிந்திருப்பவரை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளச் செய்யும்.

தவிர்ப்பதற்கு இன்னொரு கேடும் உண்டு. அஞ்சியதை ஒருமுறை தவிர்த்தவுடன் மனத்தில் ஒரு நிம்மதி பரவுகிறது. அந்த நிம்மதியே தவிர்த்ததற்குக் கிடைத்த பரிசாகிவிடுகிறது. அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் எளிதாகிறது. அச்சமோ சோதித்துப் பார்க்கப்படாமலே வளர்கிறது. அன்பின் மிகுதியால் பிள்ளையைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றும் பெற்றோரும், ‘பாவம், விட்டுவிடுவோம்’ என்று அந்த மாணவரிடம் கேள்வியே கேட்காமல் கடந்துபோகும் ஆசிரியரும், தாம் அறியாமலே இந்தச் சுழற்சியில் பங்குகொள்கிறார்கள்.

பாராட்டின் பக்கவிளைவு

பாராட்டு எப்போதும் துணிவைத் தரும் என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வு, கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998 இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு எளிதான புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் ஒரு பிரிவினரை ‘நீ அறிவாளி’ என்றும், மற்றொரு பிரிவினரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தம் திறமையைக் காட்டக்கூடிய எளிய பணியை நாடினர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடிய பணியை நாடினர். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன, எல்லோரும் திணறினார்கள். அதன்பின் மறுபடியும் முதலில் இருந்த அளவுக்கே எளிய புதிர்கள் வந்தபோது, ‘அறிவாளிகள்’ தம் முந்தைய நிலையிலிருந்தே சரிந்திருந்தார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணை முகமறியாத வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது, அப்பிரிவினரில் பத்தில் ஏறக்குறைய நால்வர் அதைக் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள், பெயர் வெளியே தெரியாத நிலையிலும், பொய் சொல்லும் அளவுக்கு அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆயினும் இதிலிருந்து புறப்பட்ட ‘வளரும் மனப்பாங்கு’ (அறிவு முயற்சியால் வளரக்கூடியது என்ற நம்பிக்கை) என்ற கருத்தைச் சில பள்ளிகள் மந்திரம்போல் கையாள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று, இத்தகைய பயிற்சிகளின் சராசரி விளைவு மிகச் சிறியது என்று காட்டியது. 2019 இல் டேவிட் யேகரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய பெரிய சோதனையில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தவர்களின் சராசரியை நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்த்தியது. சிறிய உயர்வுதான், செலவைப் பார்க்கும்போது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. ஆனால் அந்த ஆய்வின் மதிப்பு வாய்ந்த பகுதி வேறு: சவாலை ஏற்பதைச் சக மாணவர்கள் இயல்பாகக் கருதும் பள்ளிகளில் அந்த விளைவு நிலைத்தது, அப்படிக் கருதாத பள்ளிகளில் அது ஏறக்குறைய மறைந்தது. ‘மூளை வளரும்’ என்று நம்ப வைத்து ஒரு பிள்ளையை வகுப்புக்குள் அனுப்புகிறோம். அங்கே கை உயர்த்தியவரைப் பார்த்து நகைக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளை நம்பிக்கையோடு மௌனமாக இருக்கும், அவ்வளவே.

உழைப்பைப் பாராட்டுவதிலும் ஒரு பொய் புகுந்துவிடக்கூடும். தவறான வழியில் ஐந்து முறை போட்ட கணக்கைப் பார்த்து ‘பரவாயில்லை, முயன்றாயே’ என்று சொல்வது ஆறுதலாக மட்டுமே போய்ச் சேர்கிறது; பிள்ளைகள் அதைத் தெளிவாகவே கண்டுகொள்கிறார்கள். ‘படம் வரைந்து பார்த்தாய், அது பயன்பட்டது, இரண்டாம் வரியில் அலகை மாற்ற மறந்துவிட்டாய், அங்கிருந்து மீண்டும் பார்’ என்பது பாராட்டாகவும் வழியாகவும் அமைகிறது.

கடினத்தை எங்கே வைப்பது

1976 இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் மரத்துண்டுகளை இணைத்து ஒரு பிரமிடு கட்டுவதற்கு ஒரு பெரியவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து, அந்த உதவிக்குக் கட்டடத் தொழிலிலிருந்து ‘சாரம்’ என்ற உருவகத்தை எடுத்தார்கள். சுவர் எழும்பும்வரை சாரம் நிற்கும், எழும்பியதும் பிரித்துவிடுவார்கள், சாரம் எந்தக் காலத்திலும் சுவராகாது. வகுப்பறை உதவியில் பெரும்பாலும் தவறிப்போவது பிரிக்கும் வேலைதான். முதல் கணக்குக்குக் குறிப்பு கொடுக்கிறோம், பத்தாவது கணக்குக்கும் அதே குறிப்பைக் கொடுக்கிறோம். மாணவரும் குறிப்பு வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். தனியே செய்ய முடியாத, ஆனால் சிறிது துணையோடு செய்யக்கூடிய எல்லையில்தான் கற்றல் நடக்கிறது என்று லெவ் வைகோட்ஸ்கி விளக்கியது இதற்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கருத்து. அந்த எல்லை ஒவ்வொரு மாணவருக்கும் வேறு. ஒரே மாணவருக்கே மாதத்துக்கு மாதம் வேறு.

கடினம் தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராபர்ட் பியோர்க் 1994 முதல் ‘விரும்பத்தக்க இடர்ப்பாடுகள்’ என்ற பெயரில் விளக்கிவருவதன்படி, படித்ததை மறுபடி படிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும், ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடுவதைவிட வெவ்வேறு வகைகளைக் கலந்து போடுவதும் அந்த நேரத்தில் கடினமாகத் தோன்றினாலும் நீண்ட நாள் நிலைக்கும். சிக்கல் என்னவென்றால், நன்றாகக் கற்கும்போது கற்பதுபோலத் தோன்றுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், தாமே குழுவாகக் கணக்குகளோடு போராடிய மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் தாம் குறைவாகக் கற்றதாகவே கருதினார்கள். சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள்; நிறையக் கற்றதாக எண்ணினார்கள். திணறலைத் திறமையின்மையின் அடையாளம் என்று மாணவர் தவறாகப் படிக்கும் இடம் இதுதான். பண்டுரா சொன்ன நான்காம் ஊற்று இங்கே வேலை செய்கிறது. ‘இந்தப் பகுதியில் அரைமணி நேரம் உங்களுக்கு ஒன்றும் புரியாததுபோல் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசிரியர், திணறலுக்கு வேறொரு பொருளைத் தந்துவிடுகிறார்.

மனு கபூர் 2008 முதல் வெளியிட்டுவரும் ‘பயனுள்ள தோல்வி’ பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பாடத்தை நடத்துவதற்கு முன்பே அதற்குரிய கடினமான கணக்கைக் கொடுத்து, மாணவர்கள் பலவாறாக முயன்று தோற்ற பிறகு பாடம் நடத்தினால், முதலில் பாடத்தைக் கேட்டுப் பிறகு கணக்குப் போட்டவர்களைவிட அவர்கள் கருத்தை ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டையும் மறப்பவர்கள் பலர். முயன்று பார்ப்பதற்குத் தேவையான அடிப்படை அறிவு மாணவரிடம் முன்பே இருக்க வேண்டும். தோல்விக்குப் பிறகு, அவர்கள் முயன்ற வழிகளையே எடுத்துக்கொண்டு, முறையான விளக்கம் வந்தே ஆக வேண்டும். தவிக்க விட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதற்குக் கற்பித்தல் என்று பெயரில்லை.

ஒரு தவறான விடையின் கதை

தவறின் விலையைக் குறைப்பது என்றால் தவறைக் கண்டும் காணாமல் விடுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டால் இதைத் தெளிவுபடுத்தலாம். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஒரு மாணவி ஏழில் இரண்டு என்கிறாள். மேலுள்ள எண்களையும் கீழுள்ள எண்களையும் தனித்தனியே கூட்டியிருக்கிறாள். உலகெங்கும் பிள்ளைகள் செய்யும் தவறு இது.

‘தவறு, வேறு யார் சொல்வீர்கள்?’ என்று ஆசிரியர் நகர்ந்துவிட்டால், அவள் கற்றது கை உயர்த்தக் கூடாது என்பதை மட்டும்தான். ‘அருமை, முயற்சி நன்று’ என்று நகர்ந்தாலும் பின்னம் அவளுக்கு அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ‘எப்படிச் செய்தாய் என்று சொல்’ என்று கேட்டு, அவள் வழியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பைப் பார்த்து, ‘ஏழில் இரண்டு பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா?’ என்று கேட்கலாம். சிலர் பட்டை வரைந்து பார்ப்பார்கள். சிலர் இரண்டையும் இருபத்தொன்றின் பகுதிகளாக மாற்றுவார்கள். ஏழில் இரண்டு என்பது இருபத்தொன்றில் ஆறு, மூன்றில் ஒன்று என்பது இருபத்தொன்றில் ஏழு. ஆக, நம்மிடம் இருந்த மூன்றில் ஒன்றோடு இன்னும் சிறிது சேர்த்த பிறகு, முதலில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது! இது எப்படி நடக்கும்? வகுப்பு இப்போது ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கிறது. ஒரே அளவுத் துண்டுகளாக மாற்றாமல் கூட்ட முடியாது என்ற கருத்து, விதியாகச் சொல்லப்படாமல் தேவையாக எழுகிறது. பன்னிரண்டில் நான்கும் பன்னிரண்டில் மூன்றும் சேர்ந்து பன்னிரண்டில் ஏழு என்று முடிக்கும்போது, அந்த மாணவியின் தவறுதான் அன்றைய பாடத்தைத் திறந்த வாசல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவளுடைய விடை தவறு என்பது ஒரு கணமும் மறைக்கப்படவில்லை. கணக்கின் கடினமும் குறைக்கப்படவில்லை.

இப்படிச் செய்ய நேரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் தேவைப்படுவது சில நொடிகளே. மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே இருந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் பல மடங்கு நீண்டன, ‘தெரியாது’ என்ற பதில் குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்குத் தாங்க முடியாததாகத் தோன்றும். முயன்று பார்த்த எவருக்கும் இது தெரியும்.

மதிப்பெண்ணும் குறிப்புரையும்

எழுத்துவேலையில் தவறின் விலை மதிப்பெண்ணாக வருகிறது. ரூத் பட்லர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது. இரவெல்லாம் கண்விழித்துத் தாள்களில் குறிப்பெழுதும் ஆசிரியர்களுக்கு இது கசப்பான செய்தி. பயிற்சித்தாளை முதலில் குறிப்புரையோடு மட்டும் திருப்பித் தந்து, திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண்ணை இடுவது ஒரு வழி.

குறிப்புரை எந்தத் தொனியில் சென்று சேர்கிறது என்பதும் முக்கியம். யேகரும் ஜெஃப்ரி கோகனும் பிறரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் ஆசிரியர்கள் கறாரான திருத்தங்களை எழுதினார்கள். எல்லோரின் தாளிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டது; சிலருடைய சீட்டில் மட்டும் வேறொரு செய்தி இருந்தது. மிக உயர்ந்த எதிர்பார்ப்பு இருப்பதாலும், அதை நீ எட்டுவாய் என்று தெரிந்திருப்பதாலுமே இவற்றை எழுதுகிறேன் என்பது அதன் சாரம். பள்ளியின் மேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடையே, கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தோரின் விகிதம் அந்தச் சீட்டால் பெரிதும் உயர்ந்தது. திருத்தங்களின் கடுமை இரு பிரிவினருக்கும் ஒன்றே. அவற்றைத் தம் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதா, தம்மை நம்பியதால் வந்த உழைப்பாக எடுத்துக்கொள்வதா என்பதில்தான் வேறுபாடு.

தேர்வு அச்சத்துக்கென்று தனி உத்திகளும் சொல்லப்படுகின்றன. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதிவிட்டால் மதிப்பெண் உயர்கிறது என்று 2011 இல் வெளியான ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. 2018 இல் வெளியான பெரிய மறுசோதனைத் திட்டத்தில் அந்த விளைவு மறுபடி கிடைக்கவில்லை. எழுதுவதால் தீங்கில்லை, ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் செய்யும் எதுவும், ஆண்டு முழுதும் சிறு சிறு சோதனைகளில் தவறிப் பழகிய பழக்கத்துக்கு ஈடாகாது என்றே கருதுகிறேன்.

யாரைப் பார்த்துக் கற்கிறார்கள்

டேல் ஷங்கும் அன்டாய்னெட் ஹான்சனும் 1985 இல், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் திணறிய பிள்ளைகளுக்குக் காணொளிக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்த்தவர்களைவிட, தம் வயதுப் பிள்ளை போடுவதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் கூடியது, கணக்கும் கூடுதலாக வந்தது. மாமேதைகளின் வெற்றிக் கதைகளைச் சொல்வதில் இதனால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2016 இல் சியாவ்டாங் லின்-சீக்லரும் அவருடைய குழுவினரும் 402 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் உயரவில்லை; அவர்கள் தோற்றதையும் தடுமாறியதையும் படித்தவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, பின்தங்கியவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. ஆசிரியர் தாமே கரும்பலகையில் ஒரு புதிய கணக்கை ஆயத்தமின்றிப் போட்டு, நடுவில் சிக்கி, ‘இந்த வழி போகாது, திரும்பிப் போவோம்’ என்று உரக்கச் சிந்திப்பது, எந்த மேதையின் கதையைவிடவும் அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு.

வீட்டைப் பொறுத்தவரை, கைலா ஹைமோவிட்சும் டுவெக்கும் 2016 இல் கண்டது சிந்திக்க வைக்கிறது. அறிவு வளரக்கூடியது என்று பெற்றோர் நம்புகிறார்களா என்பதை அவர்கள் பிள்ளைகள் சரியாக அறிந்திருக்கவில்லை. தோல்வியைப் பெற்றோர் கேடாகக் கருதுகிறார்களா, பாடமாகக் கருதுகிறார்களா என்பதை மட்டும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். குறைந்த மதிப்பெண் தாளை நீட்டும் அந்த ஒரு கணத்தில் பெற்றோரின் முகம் சொல்வதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு சொல்லும் எதையும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இங்கே எல்லை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பார்வைக் குறையோ, செவிக் குறையோ, எழுத்துகளைப் பிரித்தறிவதில் சிக்கலோ உள்ள பிள்ளையிடம் துணிச்சலைப் பற்றிப் பேசுவது கொடுமை. அங்கே தேவை கண்டறிதலும் உரிய உதவியும். அடி விழும் வகுப்பில் அஞ்சுவது இயல்பு. அங்கே மாற வேண்டியது பிள்ளையன்று. வயிற்றுவலியும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஆசிரியரின் நல்லெண்ணம் போதாது, உளநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அமைதியான இயல்புடைய மாணவரைக் கலகலப்பானவராக மாற்றுவதும் நோக்கமாகாது. குறைவாகப் பேசியபடியே கடினமான கணக்கை இரண்டு நாள் விடாமல் துரத்தும் பிள்ளையிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அறிவது? எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறப்பாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகப் பிழை செய்ததாகக் கொள்வதைவிட, பிழையை மறைக்கத் தேவையில்லாத சூழலில் அவர்கள் வேலை செய்தார்கள் என்று கொள்வதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. வகுப்பறைக்கும் இது பொருந்தும். விலை குறையத் தொடங்கிய வகுப்பில் முதல் சில வாரங்கள் தவறான விடைகள் பெருகும், குறிப்பேடுகளில் அடித்தல் திருத்தல் கூடும், மேற்பார்வைக்கு வருபவர் முகம் சுளிக்கக்கூடும். கூர்ந்து கேட்டால், கேள்விகளின் வடிவமும் மாறியிருக்கும். ‘புரியவில்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்ட அதே மாணவர், ஒருநாள் எழுந்து, ‘மூன்றாவது வரிவரை புரிகிறது, அங்கிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தோம் என்பதுதான் தெரியவில்லை’ என்கிறார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், ‘எனக்கும் அங்கேதான்’ என்கிறார்.